நீர்க்கட்டியை எடுத்த பின் வந்த மாதங்கள்

அப்பாவின் மூளையில் வலது நெற்றிப் பக்கம் இருந்த கட்டியைத் திறந்து, உள்ளே தேங்கியிருந்த மஞ்சள் நீரை வடித்து, சுவரையும் இயன்றவரை எடுத்த மறுநாளே, மரத்துக் கிடந்த இடது கையை அவர் தூக்கிக் காட்டினார். அதோடு எல்லாம் முடிந்தது என்றே நம்பினோம். ஆனால் எடுத்த திசுவைச் சோதித்த பயாப்சி அறிக்கையில் கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று இருந்தது; வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய் அது. நீர் போனாலும், சுற்றியுள்ள மூளைத் திசுவுக்குள் பரவிய செல்களைக் கத்தியால் முழுவதும் எடுக்க முடியாது என்பதை மருத்துவர் ஸ்கேன் படத்தில் விரல் வைத்து விளக்கினார்.

மருந்து டெமோசோலோமைடு, புற்றுநோய்க்கான கீமோ மாத்திரை. 2005இல் ஐரோப்பிய, கனடிய மருத்துவக் குழுக்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் வழக்கமான முறைதான் அப்பாவுக்கும்: ஆறு வாரங்களில் 30 முறை கதிர்வீச்சு, அந்நாட்களில் தினமும் ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 75 மில்லிகிராம். அப்பாவின் உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்பதால் 120 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 20 மில்லிகிராம் ஒன்று. கதிர்வீச்சு இல்லாத முதல் சனிக்கிழமை மாத்திரையும் வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். அது தவறு, கதிர்வீச்சுக்குத்தான் வார விடுமுறை, மாத்திரைக்கு இல்லை. இதை யாராவது முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏழு மணிக்கே இரவுச் சாப்பாடு, ஒன்பதரைக்கு வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான், பத்து மணிக்கு வெறும் வயிற்றில் டெமோசோலோமைடு என்று வீடே அந்தக் கடிகாரத்துக்குப் பழகிவிட்டது. மாத்திரையைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது என்பதால், அம்மா கையுறை அணிந்து சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து நீட்டுவார். அப்பா ஒவ்வொன்றாக விழுங்குவதை எண்ணிக்கொண்டே நிற்பார்.

கதிர்வீச்சு முடிந்து நான்கு வார இடைவெளிக்குப் பின் 28 நாளுக்கு ஒரு சுற்று, அதில் ஐந்து நாள் மட்டும் மாத்திரை. முதல் சுற்றில் தினமும் 240, இரண்டாவதில் 320 மில்லிகிராம். மூன்றாவது சுற்றுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 82,000 என்று வந்தன. ஒரு லட்சம் தொடாமல் தொடங்க மாட்டோம் என்று தள்ளிவைத்தார்கள். மருந்து நின்றால் கட்டி வளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா அன்று சாப்பிடவே இல்லை. ஒரு வாரத்தில் எண்ணிக்கை 1,14,000 ஆனது. அன்றிரவே கிண்ணம் மீண்டும் வெளியே வந்தது.

ஆறாவது சுற்று போன வாரம் முடிந்தது. அடுத்த எம்.ஆர்.ஐ.க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்பா இப்போது இடது கையால் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்கிறார்.