கோணம் பார்க்காமல் கொழும்புக்கு ரயில் ஏறாதீங்க

கண் நரம்பைக் கெடுக்கிற குளுக்கோமா நோய்க்கு, நீர் வடிய ஐஸ்டென்ட் என்கிற நுண்குழாய் வைக்கவென்று மட்டக்களப்பில் இரவு ரயில் ஏறி, விடியக் கோட்டையில் இறங்கி, வரிசையில் நின்று, கடைசியில் பத்து நிமிசத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பீல்ட் டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை), ஓசிடி (கண் நரம்பு ஸ்கேன்), கண் பிறசர் எழுதின துண்டுகள் எல்லாம் கிளினிக் கொப்பியில் இருந்தன. கண்ணின் கோணத்தைப் பார்க்கிற கோனியோஸ்கோப்பி மட்டும் இல்லை. அங்கே பார்த்தால் கோணம் ஒடுக்கம். ஐஸ்டென்ட் வைக்க இடமில்லை.

விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கிற மூலையில்தான், அதாவது கோணத்தில்தான், கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடிகிறது. ஐஸ்டென்ட் இன்ஜெக்ட் 0.36 மில்லிமீற்றர் நீளம். அந்த மூலையின் வடிகட்டியில் இரண்டைக் குத்தி வைப்பார்கள். மூலை திறந்து தெரியாவிட்டால் எங்கே குத்துவது? மரக்க ஒரு சொட்டு விட்டு, கண்ணாடி பதித்த லென்ஸைக் கண்ணில் தொட்டுப் பார்ப்பதுதான் கோனியோஸ்கோப்பி. சில நிமிச வேலை. ஊரிலேயே செய்வித்து, முடிவைக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள். ஒடுங்கின கோணத்துக்கு லேசர் ஓட்டை, கட்டரக்ட் லென்ஸை எடுப்பது என்று வேறு வழி இருக்கிறது.

அடுத்தது, "எனக்குப் பிறசர் எவ்வளவுக்கு இறங்க வேணும்?" என்று கேளுங்கள். ஸ்டென்டால் வடிகிற நீர் போய்ச் சேரும் நாளங்களிலேயே 8–10 mmHg அளவில் அழுத்தம் இருக்கும். அதனால் 15, 16 போதும் என்கிறவருக்குத்தான் இது சரி, அதுவும் பெரும்பாலும் கட்டரக்ட் சத்திரசிகிச்சையோடு சேர்த்து. நரம்பு மோசமாகி 10, 12 வேண்டுமென்றால் பேச்சு டிரபெகுலெக்டமி (நீர் வடியப் புது வழி வெட்டுகிற பெரிய சத்திரசிகிச்சை) பக்கம் போய்விடும்.

ஸென் என்பது நீர் வடிக்கிற இன்னொரு குழாய், 6 மில்லிமீற்றர் ஜெல். அதுவும் சின்னக் கீறல்தான், ஆனால் நீரை வெளித்தோலுக்கு அடியில் விடுவதால் அங்கே தழும்பு கட்டி அடைக்கக்கூடும். அப்படியானால் ஊசியால் கிளறத் திரும்பத் திரும்பக் கூப்பிடலாம். பொத்துவிலில் இருந்து வருகிறவர் இதை முதலே கணக்குப் பண்ண வேணும்.

அஸ்பிரின், வார்பரின் குடிப்பதைச் சொல்ல மறக்க வேண்டாம். இருதய டொக்டரைக் கேளாமல் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

சத்திரசிகிச்சை அன்றே முடிந்துவிடும். மறுநாள் பார்வை மங்கினால் பதறாதீங்க, பெரும்பாலும் அது உள்ளே கசிந்த இரத்தம்தான், சில நாளில் கரையும். தலையணையை உயர்த்திப் படுங்கள். மற்றக் கண்ணின் துளிமருந்தை விடாதீங்க, அநேகம் பேர் பிழைவிடுவது இதில்தான். நோவு கூடினால், சத்தி வந்தால் கொழும்புத் திகதிவரை காத்திராமல் அன்றைக்கே கிட்டின கண் பிரிவுக்குப் போங்கள்.