எந்த வரி புரியலை?

முதல் செமஸ்டர் அல்ஜீப்ராவில் எனக்கு அரியர். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம். அசைன்மென்ட்டை எல்லாம் கைடைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். இன்டர்னல் மார்க் வந்தது, கணக்கு வரவில்லை.

அடுத்த செமஸ்டரில், பஸ்ஸில் கூட வரும் எம்.எஸ்சி. அக்காவிடம் நோட்டை நீட்டினேன்.

"அக்கா, இந்தச் சம் புரியலை."

"எந்த வரி புரியலை?"

நான் ஒரு வரிகூட எழுதியிருந்தால்தானே! "தப்பாவாவது போட்டுட்டு வா" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபம்தான் வந்தது.

கணக்கு இது: ஒரு முப்படிச் சமன்பாடு, கெழுக்கள் (எக்ஸ்³, எக்ஸ்², எக்ஸ் இவற்றின் முன்னால் வரும் எண்களும் கடைசி எண்ணும்) வரிசையாக 1, −12, 39, −28. மூலங்கள், அதாவது எக்ஸின் மூன்று விடைகள், கூட்டுத் தொடரில் (சம இடைவெளியில்) இருக்கின்றன, கண்டுபிடிக்க வேண்டும். முதல் கெழு 1 என்பதால், மூலங்களைக் கூட்டினால் இரண்டாவது கெழு குறி மாறி வரும், பெருக்கினால் கடைசிக் கெழு குறி மாறி வரும். பத்தாம் வகுப்புப் பழக்கத்தில் ஏ, ஏ+டி, ஏ+2டி என்று வைத்தேன். கூட்டினால் 3ஏ+3டி = 12. பெருக்கி விரித்ததும் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல்.

மறுநாள் அக்கா என் முதல் வரியை மட்டும் அடித்தார். "நடுவுல இருக்கறதை ஏ-ன்னு வை." ஏ−டி, ஏ, ஏ+டி. கூட்டும்போது டி அடிபட்டுப் போகிறது; 3ஏ = 12, ஏ = 4. பெருக்கினால் 4(16−டி²) = 28, டி² = 9. மூலங்கள் 1, 4, 7. முந்தின ராத்திரி அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்காவிட்டால் இந்த மாற்றத்தின் அருமை எனக்கு உறைத்திருக்காது.

போட்டோ எடுத்தால் விடை சொல்லும் ஆப்களும் இருக்கின்றன. விடையைச் சரிபார்க்கப் பரவாயில்லை. ஆனால் அதற்கும் ஆப் வேண்டாம்: 1-ஐப் போட்டுப் பாருங்கள், 1−12+39−28 = 0. என் தப்புகளில் பாதி குறியில்தான். மூலங்களின் கூடுதல் −12 அல்ல, குறி மாறி 12.

எங்கள் ஊரில் கணக்கு வரலை என்றால் உடனே ராமானுஜனை இழுப்பார்கள். அவரே பள்ளி நாட்களில் ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குத் தனியாக வழி தேடியவர். வர்க்கமூலம், கனமூலம் மாதிரியான வேர்க்குறிகளால் அதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று நார்வே கணிதவியலாளர் ஆபெல் 1824-லேயே நிறுவியிருந்தார். அதைச் சொல்ல கும்பகோணத்தில் ராமானுஜனுக்கு ஆள் இல்லை. நமக்கு இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேட்கலாம்.

அக்கா அடுத்துக் கொடுத்த சமன்பாட்டின் கெழுக்கள் 1, −14, 56, −64; மூலங்கள் பெருக்குத் தொடர், அதாவது ஒவ்வொன்றும் முந்தினதைப் போல் ஒரே மடங்கு. இந்த முறை நடுவில் ஏ வைத்தேன்: ஏ/ஆர், ஏ, ஏ×ஆர். பெருக்கினால் ஏ³ = 64, ஏ = 4. ஆனால் அந்த மடங்குக்கு, அதாவது பொது விகிதம் ஆர்-க்கு, 2, அரை என்று இரண்டு விடை வந்தது. அந்த வரியை வட்டம் போட்டுக் காட்டினேன்.

"ரெண்டையும் போட்டுப் பாரு."

2, 4, 8. இன்னொன்றில் 8, 4, 2. வலங்கைமான் ஸ்டாப்பில் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.