12 பேர், ஒரே பானை: முகாம் சமையல் இதுவரை

நாள் முழுக்க நடந்துவிட்டு வருகிறவர்களுக்கு ராத்திரி சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், கெட்டியாக இருக்க வேண்டும், இன்னொரு கரண்டி கேட்டால் பானையில் மிச்சமும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, அத்தனை பேர் தட்டிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். போன பருவம் வரை இரண்டு சின்ன கேஸ் அடுப்புகளில் மாற்றி மாற்றிச் சமைத்தோம். ருசியில் குறையில்லை. ஆனால் முதல் ஆள் கை கழுவும்போதுதான் கடைசி ஆளுக்குச் சோறு இறங்கும். அதனால் இந்தப் பருவம் முழுக்க ஒரே பெரிய பானையில் சமைத்துப் பழகுவது என்று இறங்கினேன்.

இப்போது கைவந்திருக்கும் கணக்கு இது: ஆளுக்கு 120 கிராம் அரிசி, 70 கிராம் உடைத்த பருப்பு, 200 கிராம் காய். வீட்டுச் சாப்பாட்டோடு பார்த்தால் அதிகமாகத் தெரியும். மலையேறி வந்த வயிற்றுக்கு இதுதான் சரி. 12 பேருக்கு அரிசி ஏறக்குறைய ஒன்றரை கிலோ, பருப்பு 850 கிராம், தண்ணீர் 9 லிட்டர் அளவில் பிடிக்கும். 16 லிட்டர் பானை இருந்தால்தான் பொங்கவும் கிளறவும் இடம் கிடைக்கும். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போட்டு, தனியாக ஒரு கிண்ணத்திலும் வைக்கிறேன். வியர்த்துக் கொட்டியவர்கள் எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தீ விஷயத்தில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். கொழுந்துவிட்டு எரியும் தீ தண்ணீரைக் கொதிக்க வைக்க நல்லது. பருப்பும் அரிசியும் சேர்ந்து கெட்டியாகும் பானைக்குத் தணல்தான் வேண்டும். இல்லாவிட்டால் மேலே வேகுமுன் அடி பிடித்துவிடும். அதனால் இப்போது அடுப்பை நீளவாக்கில் போடுகிறேன். ஒரு முனையில் விறகு எரிந்துகொண்டே இருக்கும், விழுகிற தணலைக் கம்பியால் மறுமுனைக்கு இழுத்து அதன்மேல் பானையை வைப்பேன். கனமான மரத்து விறகு என்றால் நல்ல தணல் விழ முக்கால் மணி நேரமாவது ஆகும். காய் நறுக்க அந்த நேரம் போதும். பானையின் வெளிப்புறம் முழுக்கச் சோப்பு தடவிவிட்டு ஏற்றினால், பிறகு கரியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இந்தப் பருவத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது, பானையைப் போர்த்தி வைக்கும் முறை. வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, முழுத் தண்ணீரையும் ஊற்றி, பருப்பை முதலில் போட்டு அரைவேக்காடு ஆகும்வரை கொதிக்க விடுகிறேன். பிறகு காய், அரிசி. மறுபடி நன்றாகக் கொதித்ததும் ஐந்து நிமிடம் விட்டு, மூடி போட்டு இறக்கி, கரியைத் துடைத்து, தடித்த பாயின்மேல் வைத்து முதலில் பருத்தித் துண்டு, அதன்மேல் கம்பளிகள் சுற்றிவிடுவேன். செயற்கை இழைத் தூங்குபையைச் சூடான பானைமேல் நேராகச் சுற்றினால் கெட்டுப்போகலாம். இவ்வளவு எடையுள்ள பானை சீக்கிரம் ஆறாது. ஒரு மணி நேரத்தில் அரிசி குழைந்து வெந்திருக்கும், அடி பிடிக்காது, விறகும் மிச்சம். யாராவது தாமதமாக வந்தாலும் கவலையில்லை. பரிமாறுமுன் மறுபடி ஒரு கொதி விட்டுவிடுகிறேன். ராஜ்மா மாதிரியான பயறுக்கு மட்டும் இந்த முறையை அப்படியே நம்பக் கூடாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். அதிலுள்ள நச்சு மிதமான சூட்டில் அழியாது.

உயரம் கூடினால் கணக்கு மாறும். 2,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுப் பயறு அங்கே வேகவே வேகாது போலிருக்கும். மேலே போகும்போது உடைத்த பருப்பு மட்டும்தான் எடுத்துப் போகிறேன். கேஸும் அப்படித்தான்: வெறும் பியூட்டேன் குப்பி உறைபனிக் குளிரில் ஆவியாகாது, புரோப்பேன் கலந்தது வேண்டும்.

வார்ப்பிரும்பு மூடிச்சட்டியிலும் கைவைக்கத் தொடங்கியிருக்கிறேன். 12 அங்குலச் சட்டி என்றால் மூடியின்மேல் 15 கரிக்கட்டி, அடியில் 9. உள்ளே ஏறக்குறைய 175 டிகிரி சூடு வரும். உருளைக்கிழங்கும் கோழியும் அதில் அழகாகச் சிவந்து வந்தன. கோழியை வீட்டிலேயே மசாலா தடவி உறையவைத்து எடுத்துப் போனால் குளிர்ப்பெட்டியில் அதுவே பனிக்கட்டியாகவும் உதவும். ஆனால் அது முதல் நாள் இரவோடு முடிந்துவிட வேண்டும்.

இரண்டு விஷயங்களில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மழையானாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வரக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மிஞ்சிய சோற்றைக் காலைக்கு வைப்பதும் இல்லை. அதனால்தான் அளவில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

அடுத்த பயணத்துக்கு சாப்பாட்டில் குத்திச் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டேன். போர்த்திய பானையின் சூட்டை அரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளப் போகிறேன். கிருமி பெருகாமல் இருக்க, எவ்வளவு நேரம் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிற்கிறது என்பது தெரிந்தால், மதியமே சமைத்துப் போர்த்திவிட்டு நானும் அவர்களோடு நடக்கப் போகலாமா என்று முடிவு செய்யலாம்.