கூடப் போவதற்கு ஓர் ஆள்: யாழ்ப்பாண நாட்குறிப்பு

2025 ஜனவரி 12

இன்று மாலை சனசமூக நிலையத்தில் எங்கள் மகளிர் உதவி வட்டத்தின் கூட்டம் நடைபெற்றது. வெளிநாட்டில் வாழும் ஊரவர்கள் சேர்த்து அனுப்பியிருக்கும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதே பேசுபொருள். வழமைபோல முதலில் எழுந்த யோசனை தையல் இயந்திரம். போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இங்கு வந்த உதவித் திட்டங்கள் பலவற்றில் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் தவறாமல் இடம்பெற்றன. ஒரே ஒழுங்கையில் நான்கைந்து வீடுகளுக்கு இயந்திரம் கொடுத்தவர்கள், அத்தனை பேரும் யாருக்குத் தைப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

எங்களிடம் வரும் பெண்கள் முதலில் கேட்பது பொருளை அல்ல, பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ தங்களுடன் கூட வருவதற்கு ஓர் ஆளைத்தான் என்று நான் சொன்னேன். கூலிவேலை செய்யும் ஒருத்தி ஒருநாள் அலுவலகப் படியேறினால் அன்றைய சம்பளம் இல்லை. அங்கே ஒரு பத்திரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் சம்பளமும் இல்லை. ஆகவே, வந்த பணத்தில் ஒரு பகுதியைப் பேருந்துக் கட்டணத்துக்கும், சான்றிதழ்ப் பிரதிகளுக்கும், இழந்த கூலிக்கு ஈடாகவும் ஒதுக்க வேண்டும் என்றேன். நீண்ட விவாதத்தின் பின்னர் எல்லோரும் சம்மதித்தார்கள்.

ஜனவரி 14

தைப்பொங்கல். மாலையில், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒருவரின் வீட்டுக்குச் சென்றேன். முற்றம் முழுவதும் பாயில் புழுக்கொடியல் காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய உழைப்பில் எந்தக் குறையும் இல்லை. வாட்டுவது கிழமைதோறும் தவணை கட்ட வேண்டிய நுண்கடன். வீட்டுக் கூரைக்காக எடுத்த முதற்கடனை அடைக்க இரண்டாவது, அதை அடைக்க மூன்றாவது என்று ஏறி, தோடும் அடைவுக்குப் போய்விட்டது. அயலிலுள்ள பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை நிற்க வைத்தே இந்தக் கடன்களைக் கொடுக்கிறார்கள். ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால் கடனோடு பகையும் சேர்ந்து வளர்கிறது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. இவர் கூரைக்குக் கடன் எடுத்தது அதற்குப் பிந்திய காலத்தில். இன்று எங்களால் செய்ய முடிந்தது, மூன்று கடன் அட்டைகளையும் வைத்து, எதில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று ஒரு கொப்பியில் பிரித்து எழுதியது மட்டுமே. அடுத்த முறை கட்டுப்பணம் வாங்க வருபவரிடம் பேசும்போது நானும் அருகில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 17

இன்றைய நாள் முழுவதும் ஒரே விடயத்தில் கழிந்தது. அதை விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

என்னுடன் வந்தவருக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பிரிந்த கணவரைப் பற்றி இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. மூத்த மகளுக்குத் திருமணம் பேசி முற்றாகியிருக்கிறது. தன்னுடைய சீதனக் காணியில் இரண்டு பரப்பு நிலத்தை அவளுக்கு எழுதிக் கொடுக்க விரும்புகிறார். காணி இவருடைய தந்தை இவருடைய பெயரில் எழுதிக் கொடுத்தது. இருந்தும் கணவருடைய கையொப்பம் இல்லாமல் காணி உறுதிப் பத்திரம் எழுத முடியாது என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். அவர் சொன்னது சட்டப்படி சரிதான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தனியே நின்று பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண், தன் தகப்பன் தந்த காணிக்கு, இல்லாத ஒருவரின் கையொப்பத்தைத் தேட வேண்டியிருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

மரணச் சான்றிதழ் எடுத்தால் விடயம் இலகுவாக முடிந்துவிடும் என்று உறவினர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். காணாமற்போனவர்களை இறந்தவர்களாகப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழி செய்கிறது. அவர் மறுத்துவிட்டார். “செத்துப்போனார் எண்டு நான் எப்பிடி ரீச்சர் கையெழுத்து வைக்கிறது? என்ர கையாலை அதைச் செய்யேலாது” என்றார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கி, இன்றும் போராட்டத்தைக் கைவிடாமல் இருக்கும் தாய்மாரும் மனைவிமாரும் கேட்பதும், காணாமற்போன தங்கள் உறவுகளுக்கு என்ன நடந்தது என்ற உண்மையைத்தான். அந்த மறுப்பைப் பிடிவாதம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இறந்தவராகப் பதியாமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம் என்று 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அது உதவும். இவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் இங்கே சிக்கல் கணவருடைய சொத்தில் அல்ல, மனைவியின் சொத்தில். அதனால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கிருந்த இளம் சட்டத்தரணி பொறுமையாகக் கேட்டு, அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கான பரிகாரமும் இருப்பதை எடுத்துக் காட்டினார்: கணவர் கைவிட்டுச் சென்றிருந்தால், அல்லது அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அவருடைய சம்மதம் இல்லாமலே சொத்தைக் கைமாற்ற மாவட்ட நீதிமன்றத்திடம் மனைவி மனுச் செய்து அனுமதி பெறலாம். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்த வழியை இத்தனை காலமும் இவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், திருமண நாளுக்கு முன்னர் முடியுமா என்று மட்டும் கேட்டார். சட்டத்தரணி உறுதி சொல்லாததால் நானும் சொல்லவில்லை.

ஜனவரி 20

வெளிநாட்டிலுள்ள ஓர் அன்பர், தன் மகனின் பிறந்தநாளுக்குச் சிறுவர் இல்லமொன்றில் மதிய உணவும் கேக்கும் கொடுத்துப் படங்களை அனுப்பும்படி கேட்டு எழுதியிருந்தார். அவருடைய மனம் நல்லது. ஆனால் அந்தப் படங்களில் நிற்கும் பிள்ளைகளின் மனத்தை அவர் கண்டதில்லை. இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருக்கிறார்கள்; வறுமையும் பாதுகாப்பின்மையுமே அவர்களை அங்கே சேர்த்தன. அந்த உணவுச் செலவை ஒரு தாய்க்கு மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கொடுத்தால் ஒரு பிள்ளையாவது வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் போகும் என்றும், படம் அனுப்ப மாட்டோம், கணக்கு அனுப்புவோம் என்றும் பதில் எழுதினேன். இரவே சம்மதம் தெரிவித்துவிட்டார்.

ஜனவரி 24

27ஆம் திகதி புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவைப் பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்களுக்கென அரசாங்கம் 6,000 ரூபாய் கொடுக்கிறது. கடும் வறுமையிலுள்ள குடும்பங்களுக்கான மாதக் கொடுப்பனவும் இந்த மாதத்திலிருந்து 15,000இலிருந்து 17,500 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். எங்கள் கவலை அஸ்வெசும பட்டியலில் இல்லாதவர்களைப் பற்றியது. தெரிவுக்கான அளவுகோல்களில் வீட்டின் நிலையும் ஒன்று. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 550,000 ரூபாய் மானியம் பெற்று, போதாததற்குக் கடனும் வாங்கிக் கட்டி முடித்த வீடு வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கல்வீடுதான். உள்ளே அடுப்பு எரிகிறதா என்பது சுவரில் தெரியாது. கொப்பிகளையும் சப்பாத்துகளையும் முதலில் அப்படிப்பட்ட வீடுகளுக்கே கொடுத்தோம். மேடை போடவில்லை, அந்தந்த வீட்டுக்கே கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுத்தோம்.

ஜனவரி 27

குழந்தையோடு ஓர் இளம் தாய் இரவில் வந்தார். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கமான 1938க்கு அழைத்தோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கோரி நாளை நீதவான் நீதிமன்றம் செல்கிறார். வட்டத்திலிருந்து இருவர் உடன் செல்கிறோம். அவருடைய பாதுகாப்புக் கருதி இதற்குமேல் எழுதவில்லை.

ஜனவரி 30

காணி தொடர்பான மனு ஆயத்தமாகிவிட்டது. சத்தியக்கூற்றில் கணவரைப் பற்றி “இருக்குமிடம் தெரியவில்லை” என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே அவர் கையொப்பமிட்டார். மாப்பிள்ளை வீட்டார், காணி உறுதி பிந்தினாலும் திருமணத்தைப் பிற்போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

புழுக்கொடியல் விற்பவரின் வீட்டில், வந்திருந்த கடன் நிறுவன அலுவலர் தவணைத் தொகையைக் குறைக்கும் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். முடிவு தலைமை அலுவலகத்திலிருந்து வர வேண்டும்.

பெப்ரவரிக்கு இப்போதே வேலைகள் சேர்ந்துவிட்டன. எங்களில் பெரும்பாலானோர் ஓய்வுபெற்றவர்கள். நீதிமன்றத்துக்கும் வைத்தியசாலைக்கும் ஒரே நாளில் போக வேண்டியிருந்தால் ஆள் போதாது. யாழ்ப்பாணத்தில் வசிப்பவர்கள், படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், வேலைநாளொன்றில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கக்கூடியவர்கள் முன்வந்தால் இரண்டாவது குழுவைத் தொடங்கிவிடலாம். சிங்களமும் தெரிந்த ஒருவர் கிடைத்தால், கொழும்பிலிருந்து வந்து பதில் எழுதப்படாமல் கோப்பில் கிடக்கும் கடிதங்களை முதலில் அவரிடம் கொடுப்போம்.