அப்பாவும் ஆவாரையும் ஒரு வாளித் தண்ணீரும்

மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாடின செடியைப் பார்த்துவிட்டால் கை தானாக வாளியைத் தேடும். மேட்டூரில் ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்றே ஆயுசைக் கழித்த என் அப்பாவுக்கு அது முற்றிப்போன கேஸ். அவரிடம் போய், அதிகம் தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகிற செடி ஒன்றை வளர்க்கப் போகிறேன் என்று சொன்னது என் தப்புதான்.

செடி ஆவாரை. போன வருஷம் மாசியில் புதுக்கோட்டை போய்விட்டுத் திரும்பும்போது கந்தர்வகோட்டைப் பக்கம் ரோட்டோரச் செம்மண்ணில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமலே மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வண்டியை நிறுத்தி, காகிதம் மாதிரி காய்ந்த தட்டை நெற்றாகப் பார்த்து ஒரு பை நிறையப் பறித்து வந்தேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று அம்மா உடனே பழமொழியை எடுத்துவிட்டாள், அவளுக்குச் சர்க்கரை. கஷாயம் குடி, மாத்திரையை நிறுத்தாதே என்று அப்போதே சொல்லிவைத்தேன்.

விதைத் தோல் என்றால் அப்படி ஒரு தோல். முதலில் சும்மா போட்ட 20 விதையும் மூன்று வாரம் கல் மாதிரி அப்படியே கிடந்தன. அப்புறம் உப்புத்தாளில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, வெந்நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். விரல் நுனி தேய்ந்ததுதான் மிச்சமோ என்று நினைத்தபோது எட்டு முளைத்தன. ஐந்தைக் கொல்லையில் நட்டேன், ஐப்பசி மழையில் எங்கள் களிமண் குளமாகி ஐந்தும் வேர் அழுகிப் போய்ச் சேர்ந்தன. மாடியில் வைத்த மூன்றில் இரண்டை எலி பார்த்துக்கொண்டது.

மிஞ்சியது ஒன்று. பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி, செம்மண்ணும் மணலும் பாதிப் பாதி, அடியில் உடைந்த ஓடு, வாளிக்குக் கீழே ஏழு ஓட்டை. வாரம் இரண்டு சொம்புக்கு மேல் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு.

இங்கேதான் செடி என் காலை வாரியது. ஆவாரை இலை பொழுது சாய்ந்தால் ஜோடி ஜோடியாக மடிந்துவிடும், தூங்குமூஞ்சி மரம் மாதிரி. ஒருநாள் இருட்டும் நேரத்தில் மாடிக்குத் துணி எடுக்கப் போன அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"பச்சப் புள்ளைய இப்படிப் பட்டினி போட்டுக் கொல்றியேடா."

"அப்பா, அது தூங்குது."

"நாப்பது வருஷம் நடவு நட்டவன்கிட்ட வந்து செடி தூங்குதுங்குறான்!"

அன்று ராத்திரியே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். விடிந்ததும் இலையெல்லாம் விரிந்து நின்றதா, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா? தண்ணி போனதும் நிமுந்துடுச்சு." இந்த ஆதாரத்துக்கு மேல் நான் என்ன வாதாட? தினமும் சாயங்காலம் செடி மடியும், அப்பா ஊற்றுவார், காலையில் செடி அவருக்குச் சாட்சி சொல்லும். காதல் கைகூடாதவன் ஆவிரம்பூ மாலை போட்டுக்கொண்டு பனைமடல் குதிரை ஏறுவான் என்று சங்கப்பாட்டு சொல்கிறதே, நான் அந்தப் பூவை வளர்ப்பதற்கே ஏற வேண்டியிருந்தது.

இவ்வளவு ஊற்றியும் செடி சாகவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நடுவில் பச்சைப் புழு வந்து பாதி இலையைத் தின்றதுகூட ஒன்றும் செய்யவில்லை (மருந்து அடிக்க விடவில்லை, அவை பட்டாம்பூச்சியாகப் போகிறவை). இந்தப் பங்குனியில் முதல் கொத்து பூத்தது. அம்மா அதைக் கஷாயம் போடாமல் பிள்ளையாருக்கு வைத்தாள்.

போன வாரம்தான் விஷயம் பிடிபட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். மாடியில் வாளி கவிழும் சத்தம். கொஞ்ச நேரத்தில் மாடித் தண்ணீர் வடியும் குழாயிலிருந்து செம்மண் கலரில் தண்ணீர் ஒழுகி, நேராக அப்பாவின் டிவிஎஸ் 50 சீட்டில் விழுந்தது. ஏழு ஓட்டையும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. சீட்டு கிழிந்த சீட்டு, உள்ளே இருக்கும் பஞ்சு அத்தனையையும் குடித்துக்கொண்டது.

மறுநாள் காலை டீக்கடையிலிருந்து வந்த அப்பாவின் வேட்டி பின்னால் வட்டமாக ஈரம், லேசாகச் சிவப்பு வேறு. துண்டால் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சித்திரையில என்னா பனிடா இது."

நான் இன்னும் சொல்லவில்லை.