கிச்சா சொன்ன பதில்

பொம்மையிடம் கேட்ட கேள்விக்குப் பொம்மைதான் பதில் சொல்ல வேண்டும். பேசும் பொம்மை நிகழ்ச்சி செய்கிற எவரும் இதை மீற மாட்டார்கள். கையில் பொம்மை இருக்கும்போது நாம் குறுக்கே புகுந்து சொந்தக் குரலில் பேசினால் ஆட்டம் கலைந்துவிடும். அதனால்தான் அன்றைக்கு நடந்ததில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

லோக்கல் கேபிள் சேனலில் எங்கள் சிறுவர் நிகழ்ச்சி ஷூட்டிங் முடிந்திருந்தது. கிச்சாவைப் பெட்டியில் வைக்கப் போனேன். ஓனர் உள்ளே வந்தார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் படம் எடுக்கக் கேசட் வேண்டும். என்னைப் பார்க்கவே இல்லை, நேராகப் பொம்மையிடம் குனிந்தார்.

"இன்னா கிச்சா, உன் பழைய கேசட்டெல்லாம் அழிச்சிடட்டா?"

"அழிச்சிடுங்கண்ணே. அதுல என்ன கிழிச்சிருக்கேன்?"

எடிட்டிங் ரூமே சிரித்தது. நானும் சிரித்தேன். திருவிழாவுக்குள் எல்லாம் அழிந்துவிட்டன.

என் பக்கத்து நியாயம் இதுதான். ப, ம, வ மூன்றும் உதடு படாமல் வராது. ப-வுக்கு த, ம-வுக்கு ந என்று நாக்கை வைத்து ஒப்பேற்றுவோம். அம்மா, அப்பா இரண்டுமே பொம்மைக்குக் கஷ்டமான சொற்கள் என்றால் பாருங்கள். 'வேண்டாம்' என்பதிலும் முன்னால் வ, கடைசியில் ம். கிச்சா சொன்ன பதிலில் உதட்டுக்கு வேலையே இல்லை. திடீரென்று கேட்டால் வாய் சுலபமான பக்கம்தான் போகும். போதாததற்குக் கிச்சா தன்னையே மட்டம்தட்டிப் பேசுகிறவன். அப்படித்தான் அவனை வளர்த்தேன்.

சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்பாடியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் கேட்டாள் என்பதற்காக, அதே கிச்சா கேமரா முன்னால் உதடு அசையாமல் 'அம்மா' என்று சுத்தமாகச் சொன்னான். முதுகுக்குள் விட்டிருந்த விரல் தாடைக் கட்டையை இரண்டு முறை இழுத்ததும், என் பல்லிடுக்கில் நாக்கு அழுந்தியதும் இப்போதும் நினைவிருக்கிறது. 'அம்மா' வந்தவனுக்கு 'வேண்டாம்' வராதா? அந்தக் காட்சியும் அழிந்த கேசட்டில்தான் இருந்தது.

அமெரிக்காவில் பால் வின்செல் என்று ஒருவர் இருந்தார். ஜெர்ரி மஹோனி என்ற பொம்மையோடு தொலைக்காட்சியில் குழந்தைகளைச் சிரிக்க வைத்தவர். சிறு வயதில் போலியோவோடு போராடியவர். செயற்கை இதயம் ஒன்றை வடிவமைத்து 1963-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர்க்காரன் என்பதாலோ என்னவோ, அவரைப் பற்றிப் படித்ததில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான். 1965 முதல் 1968 வரை அவர் நடத்திய சிறுவர் நிகழ்ச்சியின் டேப்புகளை, விற்பனைப் பேச்சு முறிந்ததும் அதை ஒளிபரப்பிய நிறுவனம் அழித்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனார். 1986-ல் ஜூரி அவருக்குச் சுமார் 1.78 கோடி டாலர் தரச் சொன்னது. அதில் டேப்பின் மதிப்பு 38 லட்சம்தான், மீதி அபராதம்.

நான் காசு கணக்குப் பார்க்கவில்லை. எங்கள் ஓனர் கெட்டவரும் இல்லை. புதுக் கேசட் வாங்க அவருக்கு அன்றைக்கு வசதியில்லை, அவ்வளவுதான். என்னைக் குடைவது வேறு. வின்செல் டேப்பைக் கேட்டார், அவர்கள் மறுத்தார்கள். ஜெர்ரியிடம் யாரும் அனுமதி வாங்கவில்லை.

சென்ற வருடம் ஆம்பூரில் ஒரு கல்யாணத்தில், கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து, "அண்ணா, கிச்சா வீடியோ யூடியூப்ல இருக்கா? பாப்பாவுக்குக் காட்டணும்" என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன்.

மறுநாளே ஓனரிடம் தனியாகப் போய்ப் பேசியிருக்கலாமே என்கிறாள் என் மனைவி. என்ன சொல்வது? நேற்று கிச்சா சொன்னது என் கருத்து இல்லை என்றா? அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அப்புறம் அவள் இன்னொன்றும் கேட்டாள்: "மாசா மாசம் கிச்சாவோட சம்பளத்த வாங்கினது யாரு?"