ஆச்சி வீட்டுக் கூரையும் கைமாறிப்போன கதவும்

தாராவியில் தனியாக வாழும் ஆச்சி ஒருவரின் வீட்டுக்குக் கூரை மாற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும் என்றுதான் எங்கள் தன்னார்வலர் குழு கணக்கிட்டிருந்தது. முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும் ஊரில், ஏப்ரல் கடைசியில் தொடங்கிய வேலை தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

பணமும் ஆட்களும் எளிதாகக் கிடைத்துவிட, குடிசைவாசிகளுக்கு அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையான போட்டோ பாஸில்தான் சிக்கிக்கொண்டோம். 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டிக் கொடுக்கப்பட்ட அது, ஆச்சியின் கணவர் பெயரில் இருந்தது. அவரோ 1998இல் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில் காலமானவர். பழுதுபார்ப்பு விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர் இறப்புச் சான்று கேட்டார். மறுவாரம் அதைக் கொண்டுபோனபோது, கையால் எழுதப்பட்ட தமிழ்ச் சான்றைத் தம்மால் படிக்க முடியாது என்றும், நோட்டரி கையொப்பத்துடன் மராத்தி மொழிபெயர்ப்பு வேண்டும் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பினார். முதல் நாளே கேட்டிருந்தால், விடியுமுன் எழுந்து இட்லி அவித்து விற்றுப் பிழைக்கும் ஆச்சி இன்னொரு நாள் வியாபாரத்தை இழந்திருக்க மாட்டார். அவர் நின்றுகொண்டே பேச, எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரே மாலையில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். கூரை உயர வரம்பான 14 அடியைத் தாண்டவில்லை என்பதற்குச் சுவரில் அளவு நாடாவைப் பிடித்து எடுத்த புகைப்படத்தையும் முன்கூட்டியே வைத்திருந்ததால், மூன்றாவது பயணத்தோடு அந்த அலைச்சல் முடிந்தது.

அடுத்த தவறு எங்களுடையது. 12 அடித் தகர ஷீட்டுகளை டெம்போவில் ஏற்றி 90 அடிச் சாலையில் இறக்கிய பிறகுதான், மூன்றடிச் சந்தான கல்லியின் முனையில் அவற்றைத் திருப்ப முடியாது என்பதும், மேலே மின்கம்பிகள் தொங்குவதால் நிமிர்த்தவும் முடியாது என்பதும் தெரிந்தன. கடைக்காரர் வண்டி வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு 7 அடி ஷீட்டுகளாக மாற்றிக் கொடுத்தார். வீட்டை அளப்பதற்கு முன் கல்லியை அளந்துவிடுங்கள். இரண்டு ஷீட்டுகள் சேரும் இடத்தில் ஆறு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அதன் அடியில் குறுக்குச் சட்டமும் இருக்க வேண்டும். திருகுகளை ரப்பர் வாஷருடன் ஷீட்டின் அலை வளைவுகளின் மேட்டில்தான் இறக்க வேண்டும். எங்களில் புதியவர்கள் பள்ளத்தில் இறக்கிவிட்டதால், வாளியில் நீர் ஊற்றிப் பார்த்தபோது நேராக ஆச்சியின் அடுப்பின்மேல் சொட்டியது.

எல்லாவற்றையும் விட எங்களை நடுங்க வைத்தது கதவு. உளுத்துப்போன பழைய கதவைக் கழற்றிப் பழைய சாமான் எடுக்க வந்தவரிடம் கொடுத்துவிட்டோம். மாலையில் வியாபாரம் முடித்துத் திரும்பிய ஆச்சி புதுக்கதவைப் பார்த்து, "எய்யா, நம்பர் எங்கய்யா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. 2024இல் தொடங்கிய தாராவி மறுசீரமைப்புத் திட்டக் கணக்கெடுப்புக்காக வந்தவர்கள் வீட்டு எண்ணை அந்தக் கதவில்தான் எழுதியிருந்தார்கள். எண் இல்லாவிட்டால் நாளைக்குத் தன் வீட்டைக் கணக்கில் சேர்க்க மாட்டார்களோ என்று அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நான்கு பேர் பழைய சாமான்கள் போய்ச் சேரும் 13 காம்பவுண்ட் பகுதி முழுக்க ஒவ்வொரு மரக்குவியலாகத் தேடி, இரவு ஒன்பது மணிக்கு அதைக் கண்டுபிடித்தோம். நடுவே பிளந்திருந்தாலும் சிவப்பு எண் முழுதாக இருந்தது. அந்தப் பலகையை மட்டும் அறுத்தெடுத்துப் புதுக்கதவில் அறைந்தோம். வேலை தொடங்குமுன் கதவையும் சுவரையும் படமெடுத்து வையுங்கள். எண் உள்ள எதையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் வெளியே கொடுக்காதீர்கள்.

ஜூன் முதல் வாரத்தில் கூரை முடிந்தது. பாஸை ஆச்சியின் பெயருக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஊரில் உள்ள இரு மகன்களின் சம்மதக் கடிதம் வர வேண்டும். இந்த முறை அதைத் தமிழிலும் மராத்தியிலும் நாங்களே எழுதி, கையெழுத்துக்காக ஊருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.